தொல்லியற் சபைகளும் இளைஞரும்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய யான் சங்கச் செய்யுளைப் பற்றியோ சைவ சமய குரவரைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும். அப்பொருள்களில் என்னினும் வல்லார் இம்மலரில் எழுதுகின்றனர். யான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. தொல்லியலாளர் தமக்கென அமைத்துக்கொண்ட சபைகளில் இளைஞர் ஏன் சேர்கின்றிலர், அவரைச் சேர்ப்பதற்கு யாது செய்யலாம் என்பதே அது.

தமிழாசிரியனுக்கும் தொல்லியலுக்கும் யாது தொடர்பு என அன்பர் சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. யான் பிறந்த ஊர் கந்தரோடைக்கு அயலிலுள்ளது. 1990களின் முற்பகுதியில், யான் இக்கல்லூரியின் கீழ்வகுப்பு மாணவனாயிருந்த காலத்தில், அகழ்வு என்றால் எங்களுக்குத் தெரிந்தது பதுங்குகுழி அகழ்வு ஒன்றே. எங்கள் வளவின் பின்புறத்தே ஒருநாள் குழி வெட்டிக்கொண்டிருந்த வேளையில், இடுப்பளவு ஆழத்தில் ஓட்டுத் துண்டுகள் பல வெளிப்பட்டன. அவற்றின் உட்புறமும் விளிம்பும் கறுத்திருந்தன, வெளிப்புறம் சிவந்திருந்தது. யான் ஒன்றிரண்டைத் துடைத்துக் காற்சட்டைப் பையில் இட்டேன். “உதை எறிஞ்சுபோட்டுக் கெதியா மண்ணை அள்ளு தம்பி” என்றார் தந்தையார். விமானம் எந்நேரம் வருமோ என அஞ்சியிருந்த காலத்தில் அவர் கூறியதிற் பிழை ஒன்றுமில்லை. அவை பெருங்கற்காலப் பண்பாட்டு மக்கள் வழங்கிய கறுப்புச் சிவப்பு மட்கல வகையைச் சேர்ந்தவையாதல் வேண்டும் என்பதை, ஆசிரிய கலாசாலையிற் பயிலும் நாளில் நூலொன்றைப் படித்தபொழுதே உணர்ந்தேன். அதற்குள் குழி தூர்ந்துவிட்டது. ஓடுகளும் இடப்பெயர்விலே தொலைந்துவிட்டன. அவ்விடத்தில் எந்த அடுக்கில் எவை கிடந்தன என்பதை இனி எவராலும் கூறவியலாது.

ஏட்டுச்சுவடி ஒன்று அழிந்தால் அதன் படி வேறோரிடத்தில் இருத்தல் கூடும். மண்ணடுக்கு அத்தகையதன்று. ஒருமுறை கலைத்த மண்ணை மீண்டும் அடுக்குதல் எவர்க்கும் ஆகாது. ஆதலின், மண் வெட்டப்படும் இடத்தில் அதன் பெறுமதியை அறிந்த கண் ஒன்று இருத்தல் வேண்டும். ஊர்தோறும் கிணறும் அத்திவாரமும் வெட்டப்படுகின்ற இந்நாளில், அத்தனை இடத்திலும் முதியவர் சிலர் சென்று நிற்றல் இயலுமோ? சபைகளுக்கு இளைஞர் வேண்டும் என்று யான் கூறுவது, கூட்டத்தில் வெற்று நாற்காலிகளை நிரப்புதற்காக அன்று என்பதை முதற்கண் தெளிவாக்க விரும்புகின்றேன்.

முன்னோர் இத்துறையை எவ்வாறு வளர்த்தனர் என்பதைச் சிறிது நோக்குவோம். றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை 1845இல் நிறுவப்பெற்றது. தொல்லியல் ஆய்வுக்கெனத் தனித் திணைக்களம் 1890இல் எச். சி. பி. பெல் அவர்களின் தலைமையில் உருவாயிற்று. கந்தரோடையின் பழைமையை உலகறியச் செய்தவர் சிவில் சேவை உத்தியோகத்தராகிய போல் பீரிஸ் அவர்கள். அவர்தம் கட்டுரைகள் மேற்கூறிய கிளையின் சஞ்சிகையில் 1917இலும் 1919இலும் வெளிவந்தன. முதலியார் இராசநாயகம் அவர்கள் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய தம் ஆங்கில நூலை 1926இல் வெளியிட்டார். சுவாமி ஞானப்பிரகாசர் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ என்னும் நூலை 1928இல் தந்தார். இவர்களுள் எவரும் தொல்லியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஒருவர் அரசாங்க உத்தியோகத்தர், ஒருவர் முதலியார், ஒருவர் துறவி. ஆர்வமும் உழைப்புமே அவர்தம் தகுதியாயிருந்தன. அவர்தம் முடிபுகளிற் சில இன்று ஏற்கப்படாமற் போகலாம். எனினும் வாயிலைத் திறந்தவர் அவரே.

இன்னொருவர் வரலாறு நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. 1896இற் பிறந்த செனரத் பரணவிதான அவர்கள் பள்ளியாசிரியராகவே தொழிலைத் தொடங்கினார். 1923இல் தொல்லியற் றிணைக்களத்திற் கல்வெட்டியல் பயிலும் மாணவராகச் சேர்க்கப்பட்டார். அன்று அவரிடம் சர்வகலாசாலைப் பட்டம் இருக்கவில்லை. இந்தியாவிற் கல்வெட்டுப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்; 1936இல் ஒல்லாந்து நாட்டு இலெய்டன் சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டம் பெற்றார்; 1940 முதல் 1956 வரை தொல்லியல் ஆணையாளராக விளங்கினார். முதலிற் பட்டத்தைக் கொண்டு வா, பின்னர் உள்ளே விடுகின்றோம் என அன்று எவரேனும் வாயிலை அடைத்திருப்பாராயின், இந்நாட்டின் கல்வெட்டியல் எத்துணை இழந்திருக்கும்! இளைஞன் ஒருவனை முதலில் உள்ளே அழைத்து, வேலை கொடுத்து, வேலையினூடே கற்பித்து, உரிய நிலைக்கு உயர்த்தினர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

நம் குடாநாட்டிலும் ஒரு நற்காலம் இருந்தது. 1970இல் பென்சில்வேனியா சர்வகலாசாலைக் குழுவினர் கந்தரோடையில் அகழ்வு நிகழ்த்தினர். 1974இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழகம் தோன்றிற்று. ஜேம்ஸ் இரத்தினம் அவர்கள் தலைமையில் யாழ்ப்பாணத் தொல்லியற் கழகம் இயங்கி நூல்களும் வெளியிட்டது. 1980களின் தொடக்கத்திற் பேராசிரியர் இந்திரபாலா அவர்களைச் சார்ந்த பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையிற் பெருங்கற்கால ஈமப்புதையலை அகழ்ந்தனர். மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துக்களும் கொண்ட சிறு முத்திரை ஆண்டுக் கிடைத்ததை அறியாத தமிழாசிரியர் இலர். அக்காலத்தில் இளம் ஆராய்ச்சியாளராயிருந்த பொன்னம்பலம் இரகுபதி அவர்கள் குடாநாடெங்கும் ஆய்ந்து திரட்டிய செய்திகள் 1987இல் நூலாக வெளிவந்தன.

அதன்பின் நேர்ந்தவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. போர் வந்தது, புலப்பெயர்வு வந்தது. 1995இல் ஊர்களே வெறுமையாயின. அகழ்வுக் குழியருகே நின்று முதியவரிடம் கைவினை பயிலவேண்டிய ஒரு தலைமுறை, அகதி முகாமிலும் அந்நிய நாட்டிலும் வளர்ந்தது. 2009இற்குப் பின்னர் யாழ்ப்பாணக் கோட்டையில் ஆய்வுகள் நடைபெற்றன. ஆனைக்கோட்டையிலும் 2024இல் மீண்டும் அகழ்வு நிகழ்ந்தது. இவை மகிழ்ச்சி தருவன. எனினும், அறுபதைக் கடந்த அறிஞருக்கும் இருபதை எட்டிய மாணவருக்கும் இடையில் நிற்கவேண்டிய நாற்பது வயதினர் மிகச் சிலரே. அந்த இடைவெளியைக் காலம் தானாக நிரப்பும் எனக் காத்திருத்தல் தகாது.

இனி, சபைகளின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். ஆர்வலர் கூடும் கழகம் வேறு. தொழிலாளர் கூடும் சபை வேறு. மருத்துவர்க்கும் பொறியியலாளர்க்கும் சபைகள் இருத்தல்போலத் தொல்லியலாளர்க்கும் சபை வேண்டும். யார் அகழத் தகுதியுடையர், அகழ்ந்தோர் எக்காலத்துள் அறிக்கை தருதல் வேண்டும், கிடைத்த பொருள்களை எங்ஙனம் பேணுதல் வேண்டும் என்பனவற்றை வரையறுத்தலும், வரம்பு மீறுவோரைத் தட்டிக்கேட்டலும் அச்சபையின் கடமைகளாம். தொல்லியலாளர்க்கெனத் தனிப் பேரவை இந்நாட்டிலும் உண்டு. இத்தகைய சபைகள் எங்கும் எதிர்கொள்ளும் இடர் ஒன்றே: தொடங்கியோர் முதுமை எய்துகின்றனர், தொடர்வோர் வருகின்றிலர்.

‘இக்காலத்து இளைஞருக்கு ஆர்வமில்லை, கைத்தொலைபேசியே அவர்க்கு உலகம்’ என முதியவர் கூறுவதைப் பலமுறை கேட்டிருக்கின்றேன். இருபதாண்டுக்கு மேலாக வகுப்பறையில் நிற்கும் யான் அதனை ஏற்றுக்கொள்ளேன். ஏலாமைக்குக் காரணமாகிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றேன்.

பத்தாண்டுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் திங்கட்கிழமை காலையில் ஒரு கடதாசிப் பெட்டியுடன் என்னிடம் வந்தான். அயல்வீட்டிற் கிணறு வெட்டிய மண்ணில் ஓடுகளைக் கண்டு பொறுக்கியிருந்தான். பொறுக்கியது மட்டுமன்று; நில மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழத்தில் அவை வெளிப்பட்டன எனக் கிணறு வெட்டியவரிடம் கேட்டு எழுதியிருந்தான். ஒழுங்கையிலிருந்து கிணற்றுக்குள்ள தூரத்தைக் கயிறு பிடித்து அளந்து படமும் வரைந்திருந்தான். “சேர், இதை யாருக்கு அறிவிக்கிறது?” என்றான். இருவருமாக ஓர் அறிக்கை எழுதினோம். யான் சந்தியைத் திருத்தினேன். செய்தி முழுவதும் அவனுடையது. அதனை ஒரு சபைக்கு அனுப்பினோம். அச்சபையின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று.

மறுமொழி வரவில்லை. இரண்டாம் முறை எழுதினோம், அதற்கும் வரவில்லை. பதினொரு திங்கள் கழித்து ஒரு கடிதவுறை வந்தது. பையன் ஓடோடி வந்து என் மேசையருகே நின்று பிரித்தான். உள்ளே இருந்தது அச்சிட்ட ஓர் அங்கத்துவப் படிவம். சந்தாத் தொகையும், பட்டச் சான்றிதழின் பிரதியை இணைக்க வேண்டும் என்னும் குறிப்பும் அதிற் காணப்பட்டன. ஓட்டைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே அதனை நான்காக மடித்து என் மேசையில் வைத்துச் சென்றான். அச்சிரிப்பை யான் இன்றும் மறந்திலேன்.

முழுப் பழியையும் அச்சபையின்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. அப்பையனின் தந்தையார் ஒருநாள் என்னை வீதியிற் கண்டு, “இது சோறு போடுமோ, மாஸ்டர்?” என வினவினார். யான் தக்க விடை கூறவில்லை. ‘முதலிற் பரீட்சையைப் பார்க்கட்டும், பின்னர் யோசிப்போம்’ என்று நழுவினேன். பின்னர் யோசிக்கவில்லை. அவன் இன்று கடல்கடந்த நாடொன்றிற் கணக்காளனாக நல்ல நிலையில் இருக்கின்றான், மகிழ்ச்சியே. ஆயினும், ஆசிரியன், தந்தை, சபை ஆகிய மூவரும் கூடி, தொல்லியலாளன் ஒருவனை வாயிலிலேயே திருப்பி அனுப்பினோம் என்பதே உண்மை.

இந்நிகழ்ச்சியிலிருந்து யான் கற்றது யாதெனின், இளைஞர் அங்கத்தவராக விரும்பி வருவதில்லை. வேலை செய்ய விரும்பியே வருகின்றனர் என்பதாம். படிவமும் சந்தாவும் பின்னர் வருவன. தம் கண்ணாற் கண்டதை ஒருவர் ஏற்றுக்கொள்வரோ, தம் கை செய்த வேலைக்கு ஓரிடம் உண்டோ என்பதே அவர் முதலில் அறிய விழைவது. சபைகளோ முதலில் வரவேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் வரவேண்டியதை முதலிலும் வைக்கின்றன. சந்தாவைக் குறைத்தலாலும், தேநீர் விருந்தளித்தலாலும், ‘இளைஞரே வாரீர்’ எனச் சுவரொட்டி ஒட்டுதலாலும் இக்குறை தீராது.

பிரித்தானியாவில் இதனை எவ்வாறு கையாண்டனர் என அறிதல் பயன்றரும். அங்கே 1972இற் சிறுவர்க்கெனத் தனித் தொல்லியற் கழகம் ஒன்று தொடங்கப்பெற்றது. அது பின்னர் பிரித்தானியத் தொல்லியற் பேரவையின் ஆதரவில் நாடெங்கும் கிளைபரப்பி வளர்ந்தது. எட்டு வயதுச் சிறுவரும் அதிற் சேரலாம். தொழிலாளர்க்கான சபை 1982இல் ஏற்பட்டது. 2014இல் அரச பட்டயம் பெற்றது. அச்சபையிற் பல படிகள் உள. மாணவர்க்கு ஒரு படி. தொழிலில் இறங்கியோர்க்கு மூன்று தரங்கள். ஈண்டுக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தரம் பெறுதற்குப் பட்டச் சான்றிதழ் ஒன்றே அளவுகோலன்று. விண்ணப்பிப்பவர் தாம் வரைந்த படங்களையும் எழுதிய அறிக்கைகளையும் தொகுத்துக் காட்டுதல் வேண்டும். செய்த வேலையையும், எத்துணைப் பொறுப்பைத் தாமே தாங்கினார் என்பதையும் நோக்கியே தரம் வழங்கப்படுகின்றது. கீழ்ப்படியில் நிற்பவனுக்கு அடுத்த படி எங்குள்ளது, அதில் ஏற யாது செய்தல் வேண்டும் என்பது தெளிவாகத் தெரிகின்றது.

அங்கும் எல்லாம் செம்மை என யான் கூறவில்லை. சம்பளம் குறைவு, வேலை நிலையற்றது என்னும் முறைப்பாடு அந்நாட்டு இளந்தொல்லியலாளரிடையே நெடுங்காலமாக உண்டு. ஏணி மட்டும் இருந்தாற் போதாது. ஏறிய இடத்திற் சோறும் இருத்தல் வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

எனவே அந்தத் தந்தையாரின் வினாவுக்கு அன்று கூறாத விடையை இன்று கூற முயல்கின்றேன். நம் நாட்டிலே தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940இல் இயற்றப்பட்டது. 1998இல் அது திருத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான நடைமுறைக் கட்டளையின்படி, குறித்த சில வகைப் பெருந்திட்டங்களைத் தொடங்குமுன், அவற்றால் தொல்பொருளுக்கு நேரக்கூடிய பாதிப்பை மதிப்பிடுதல் வேண்டும். மதிப்பிடுதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அளப்பவர், வரைபவர், படம் பிடிப்பவர், ஓடு வகுப்பவர், அறிக்கை எழுதுபவர் எனப் பலர் வேண்டும். அரச திணைக்களமும், 1980இல் ஏற்பட்ட மத்திய கலாசார நிதியமும், நூதனசாலைகளும், பல்கலைக்கழகங்களும் உள்ளன. இவை எல்லாரையும் தாங்கும் எனக் கூறேன். ஆயினும் சோறு போடாத் துறை எனத் தள்ளுதல் பிழை. எங்கெங்கே எத்தகைய வேலை உண்டு, அதற்கு யாது பயிலவேண்டும் என்பதை ஒரு சிறு பிரசுரமாக எழுதிப் பாடசாலைகளுக்கு அனுப்புதல் தொழிற் சபையின் கடனாகும். அது என் கையில் அன்று இருந்திருப்பின், வீதியில் நின்று விழித்திரேன்.

இனி, என் கருத்துக்கு மாறாகக் கூறப்படுவனவற்றை நோக்குவோம். தொழிற் சபை தரத்தைக் காக்க ஏற்பட்டது. வாயிலை அகலத் திறந்தால் தரம் தாழும் என்பது ஒரு வாதம். இதனை யான் இலேசாகத் தள்ளமாட்டேன். பட்டதாரி அல்லாத பயிற்றப்பட்ட ஆசிரியன் யான். தகுதி என்பது யாது, தகுதிபெறாதார் கையில் வகுப்பறை சிக்கினால் நேர்வது யாது என்பதை அறிவேன். ஆனால் ஆசிரிய கலாசாலை எங்களை எவ்வாறு ஆக்கிற்று? முதுநிலை ஆசிரியரின் கண்காணிப்பில் நாங்கள் வகுப்பெடுத்தோம்; பிழைவிட்டோம்; அவர் குறிப்பேட்டில் எழுதினார்; மறுநாள் திருத்தினோம். கற்பித்துக் காட்டிய பின்னரே சான்றிதழ் கிடைத்தது. வகுப்பறைக்குள் விடாமலே சான்றிதழைக் கேட்டிருந்தால் ஆசிரியர் ஒருவரேனும் உருவாகியிரார். சபையும் அவ்வாறே உள்ளே விடுதல் வேண்டும். உள்ளே விட்டபின் கடுமையாகத் தேர்தல் வேண்டும். படிகள் பலவாயின் தரம் தாழாது. நுழைவாயில் தாழ்ந்தும், மேற்படி உயர்ந்தும் இருக்கலாம்.

இளைஞரை ஊக்கினால் அவர் மண்வெட்டியுடன் புறப்பட்டுத் தொல்லிடங்களைக் கிளறுவர் என்பது மற்றொரு வாதம். அனுமதிப் பத்திரமின்றித் தொல்பொருள் தேடி அகழ்தல் சட்டப்படி குற்றம் என்பதையும், தற்செயலாகக் கண்டெடுத்த பொருளை உரிய அதிகாரிக்கு அறிவித்தல் கடன் என்பதையும் அவர்க்கு முதற்பாடமாகக் கற்பிப்பவர் யார்? சபையன்றோ! அகழ்வு, தொல்லியலின் ஒரு கூறே. மேசன்மார் கையாளும் சாந்தகப்பையை ஒத்த கருவியைக் கையிலெடுக்குமுன் செய்யக்கூடியன பல. வயலையும் திடலையும் நடந்து நோக்கல், கண்டதைத் தொடாது குறித்தல், ஓடு கழுவி இலக்கமிடல், காணிப் பெயர்களைத் தொகுத்தல், பழைய உறுதிகளையும் தோம்புகளையும் படித்தல் என்பன எல்லாம் இளைஞர்க்கு ஏற்றன. வழிகாட்டாது விடப்பட்ட ஆர்வமே மண்வெட்டியை எடுக்கும்.

இவ்விடத்தில் நுட்பமான ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. நம் நாட்டிலே தொல்லியல் இன்று அறிஞர் மன்றத்தில் மட்டும் பேசப்படும் பொருளன்று. ஓர் ஓட்டுத் துண்டு கிடைத்த அன்றே, ‘இது எம்முடையது’ ‘இல்லை, எம்முடையது’ என்ற ஆரவாரம் முகநூலில் எழுகின்றது. அதில் முன்னிற்பவர் இளைஞரே. ஆர்வம் அவர்க்கு இல்லை எனக் கூறுவோர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். ஆர்வம் உண்டு, அதற்குப் பயிற்சி இல்லை. எந்த அடுக்கிலிருந்து எடுத்தனர், உடன் கிடந்தவை எவை, அறிக்கை எங்கே எனக் கேட்கும் பழக்கம் இல்லை. சான்று நமக்கு இனிக்கும்போதும் கசக்கும்போதும் ஒருபடித்தாக ஏற்றுக்கொள்ளும் மனநிலை பிறவியில் வருவதன்று, பழகி வருவது. சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் முஸ்லிம் மாணவனும் ஒரே குழியருகே அமர்ந்து ஒரே அடுக்கை அளந்து, அளவு ஒத்துவரும்வரை திரும்பத் திரும்ப நூல்பிடித்தால், அங்கே பிறக்கும் மரியாதை எந்த மேடைப் பேச்சிலும் பிறவாது. தொழிற் சபை ஒன்றே அத்தகைய இடத்தை அமைத்தற்கு உரியது. அங்கு இளைஞர் வாராராயின், ஆரவாரமே அவர்க்கு ஆசிரியனாகும்.

ஆதலின், சபையினர் ஆராய்தற்குச் சில கருத்துக்களை முன்வைக்கின்றேன். கடிதம் எழுதும் எவர்க்கும், அவர் எட்டாம் வகுப்பு மாணவராயினும், பதினான்கு நாளுக்குள் ஒரு வரியேனும் மறுமொழி எழுதுதல் வேண்டும். அதற்கெனக் காரியதரிசிக்குத் துணையாக இளைஞர் ஒருவரையே அமர்த்தலாம். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. பயன் கருதின் இதுவே தலையாயது. அடுத்து, மாணவ அங்கத்தவர் என ஒரு படி அமைத்து, சேர்ந்த ஆண்டிலேயே ஒவ்வொருவர்க்கும் குறித்த ஒரு வேலை கொடுத்தல் வேண்டும். அவ்வேலை அறிக்கையில் ஏறும்போது அவர் பெயரும் ஏறுதல் வேண்டும். ஓடு கழுவியவன் பெயரை ஓரிடத்திலும் குறியாது, தலைவர் பெயரை முகப்பில் மட்டும் பொறித்தல் நீதியன்று. நிருவாக சபையில் முப்பது வயதுக்குட்பட்டோர்க்கு இரண்டு இடமாவது ஒதுக்கி, வாக்குரிமையும் வழங்குதல் வேண்டும். பார்வையாளராக அமர்த்தப்பட்ட இளைஞன் இரண்டாம் கூட்டத்துக்கு வரமாட்டான். படிவங்களும் சுற்றறிக்கைகளும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் வெளிவருதல் வேண்டும். தமிழிற் கலைச்சொல் இல்லை என்பாராயின், அவ்வேலைக்குத் தமிழாசிரியர் நாங்கள் இருக்கின்றோம்.

இறுதியாக, பெரியோர் பொறுத்தருள்வாராயின், ஒரு விண்ணப்பம். ஒரே பதவியில் நெடுங்காலம் அமர்ந்திருத்தலைத் தவிர்த்தல் நன்று. தலைமை தாங்கியவர் தலைமையை விட்டபின்னும் சபையில் இருந்து, புதியவர்க்குத் துணைநிற்றல் இயலும். அகழ்வுக் குழியில் ஓர் அடுக்கின்மேல் மற்றோர் அடுக்கு அமைவது இயற்கை. கீழடுக்கு மேலடுக்கைத் தாங்குகின்றது. அதன் சிறப்பு அதனாற் குறைவதில்லை.

சபைகளுக்குக் கூறியது போதும். நம்மவர்க்கும் கடமை உண்டு. கடல்கடந்த நாடுகளில் வாழும் பழைய மாணவ அன்பர்காள்! விளையாட்டரங்குக்கும் கணினிக் கூடத்துக்கும் நீவிர் வழங்கிய கொடை பெரிது. கல்லூரி அதனை நன்றியுடன் போற்றுகின்றது. ஆண்டுதோறும் மாணவர் இருவர் ஓர் அகழ்விடத்தில் ஒரு பருவம் தங்கிப் பயிலுதற்கான போக்குவரத்துச் செலவும் உணவுச் செலவும் அவற்றோடு ஒப்பிடின் மிகச் சிறிது. அதனையும் நினைவிற் கொள்க. ஆசிரியத் தோழர்காள்! வரலாற்றாசிரியர், புவியியலாசிரியர், சித்திர ஆசிரியர், தமிழாசிரியர் ஆகிய நால்வர் கூடினால், கல்லூரியில் ஒரு தொல்லியல் மன்றம் தொடங்கலாம். நிலப்படம் ஒருவர் கற்பிக்க, கலத்தின் வடிவம் வரைய ஒருவர் கற்பிக்க, பழைய எழுத்து வாசிக்க ஒருவர் கற்பிக்கலாம். அம்மன்றத்தை ஒரு சபையோடு இணைத்துவிட்டால், பையன் கடதாசிப் பெட்டியுடன் வரும் நாளில் எங்கே அறிவிப்பது எனத் தடுமாற வேண்டுவதில்லை. வருகின்ற தவணையிலே அம்மன்றத்தைத் தொடங்க அதிபர் அவர்களிடம் அனுமதி கேட்டுள்ளேன். நழுவியவன் செய்யத்தக்க பிராயச்சித்தம் அதுவே.

மாணவச் செல்வங்காள்! நும் ஊரில் மண் வெட்டப்படும் இடத்தைக் கடந்து செல்லும்போது ஒரு கணம் நின்று நோக்குமின். வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுமின். கண்டதை எடுத்துச் செல்லாது, இடமும் ஆழமும் நாளும் குறித்து, படம் எடுத்து, ஆசிரியரிடம் கூறுமின். மறுமொழி தாமதித்தால் மீண்டும் எழுதுமின்; அதற்கும் வாராவிடின் மூன்றாம் முறையும் எழுதுமின். யாம் இரண்டு முறையோடு நிறுத்தியது பிழை என இன்று உணர்கின்றேன். சபைகள் நும்மை அழைக்கும்வரை காத்திராது, நும் வேலையைக் கொண்டு கதவைத் தட்டுமின்.

நம் பழைய மாணவர் சங்கம் இத்தனை ஆண்டு நிலைத்தமைக்குக் காரணம், ஒவ்வொரு காலத்திலும் முதியவர் ஒருவர் இளைஞன் ஒருவனைக் கைபிடித்து அழைத்து, ‘இந்தக் கணக்குப் புத்தகத்தை இனி நீ பார்’ எனக் கொடுத்ததேயாகும். தொல்லியற் சபைகளும் அவ்வாறே செய்யுமாக. எங்கள் வளவிற் பதுங்குகுழி தூர்ந்துபோயிற்று. அதனை மீட்டல் ஆகாது. இன்னும் வெட்டப்படாத நிலம் மிகப் பலவுள. அவற்றின் அருகே அறிந்த கண்ணோடு நிற்கும் இளைஞரை இக்கல்லூரி உலகுக்கு உதவுமாக.

வாழ்க நம் கல்லூரி அன்னை!